கூலிக்காரிக்குச் சர்க்கரை வராதா?

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில்தான் கர்ப்பிணிகள் எங்களிடம் வருகிறார்கள். வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்திருக்கும். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டியிருக்கும். "கூலி வேலைக்குப் போறவளுக்கு எப்படி டாக்டர் சுகர் வரும்?" என்று கேட்கிறார்கள். வரும். இப்போது அடிக்கடி வருகிறது.

யாருக்கு ஆபத்து?

பெற்றோருக்குச் சர்க்கரை, அதிக எடை, 25 வயதுக்கு மேல் கர்ப்பம், சினைப்பை நீர்க்கட்டி, முன்பு பெரிய குழந்தை பெற்றது, வயிற்றிலேயே குழந்தை இறந்தது. இவற்றோடு வறுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு; பருப்புக்கும் முட்டைக்கும் காய்க்கும் காசில்லை. எடை குறைவாகப் பிறந்த பெண்ணுக்கு, ஒல்லியாகவே இருந்தாலும், ஆபத்து கூடுதல்.

வீட்டு வைத்தியமும் வீண் நம்பிக்கையும்

"கருப்பட்டியும் தேனும் ஒன்றும் செய்யாது." ரத்தத்தில் கலந்த பிறகு எல்லாம் சர்க்கரைதான்.

"ரெண்டு உயிருக்குச் சாப்பிடு." இரட்டிப்புச் சோறு வேண்டாம், அந்தச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பயறும் கீரையும் வையுங்கள்.

"சோற்றையே நிறுத்திவிட்டேன்." பட்டினி குழந்தைக்குக் கேடு.

"பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன்." குடித்துக்கொண்டே எங்களிடம் வராமல் இரண்டு மாதத்தைத் தொலைத்துவிடுகிறீர்களே!

"மாமியாரோட மாத்திரையைப் போட்டேன்." இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. சர்க்கரை மாத்திரைகளில் சில கர்ப்பிணிக்கு ஆகாதவை. அடுத்தவர் சீட்டு உங்களுக்கு மருந்தாகாது.

"இன்சுலின் போட்டால் ஆயுசுக்கும் விடாது." பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

"பிள்ளை கொழுகொழுன்னு பிறக்கும்." அந்தப் பிள்ளைக்குத்தான் பிறக்கும்போது தோள் சிக்குகிறது, பிறந்ததும் சர்க்கரை தாழ்ந்து போகிறது.

பரிசோதனை

கர்ப்பம் தெரிந்ததும் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்வார்கள். குடித்த உடனே வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பக் கொடுப்பார்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் கூலி போகும், தெரியும். கணவன்மார்களே, அந்த ஒரு நாளை விட்டுக்கொடுங்கள். சாப்பிட்ட பின் தெருவில் அரை மணி நேரம் மனைவியோடு நடங்கள்.

தாய்மார்களே, பிரசவமான ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் வருவீர்கள். அன்று வெறும் வயிற்றோடு வந்து உங்கள் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்தோடு மறைந்த சர்க்கரை சில வருடங்களில் நிரந்தரமாகத் திரும்பி வரலாம். அடுத்த முறையாவது தாமதமாக வராதீர்கள்.