தெரியாமல் தீண்டும் மின்சாரம்

தம்பின் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மலாக்காவின் பத்து பெரெண்டாமுக்கும் சிரம்பானை அடுத்த செனவாங்குக்கும் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போன பெண்களுக்கு அந்தப் பட்டை நன்றாகப் பழக்கம். மேசைக்கு முன் உட்கார்ந்ததும் முதல் வேலை, அதை மணிக்கட்டில் மாட்டுவது. பட்டையிலிருந்து ஒரு சுருள் கம்பி தரையிணைப்புக்குப் போகும். பால்மரக் காட்டு வேலையை விட்டு வந்த தலைமுறை, 1970களிலிருந்தே மின்னணுச் சில்லுகளைக் கையாண்டது. சீமென்ஸ் நிறுவனம் 1973இல் மலாக்காவில் தொடங்கிய ஆலை இன்று இன்ஃபினியன் என்ற பெயரில் நடக்கிறது.

அந்தப் பட்டை எதற்கு? நடக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் துணியும் தரையும் உரசி, உடம்பில் மின்னேற்றம் தேங்குகிறது. இதுதான் நிலைமின்சாரம். விரல் ஒரு சில்லின் காலில் பட்டால், தேங்கியது அத்தனையும் நொடியின் சிறு துளிக்குள் அதன் வழியே பாய்ந்துவிடும். பட்டை அதைச் சேரவிடாமல் தரைக்குக் கடத்துகிறது. கம்பியில் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்றும் இருக்கும். தவறி 240 வோல்ட் கம்பியில் கைபட்டாலும் உடம்பில் பெரிய மின்னோட்டம் ஓடாமல் காப்பது அதுதான்.

“நம்ம ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் நிலைமின்சாரம் எங்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. குளிர்நாட்டில் கதவுப் பிடியைத் தொட்டதும் சுள்ளென்று பொறி பறப்பதுபோல் தம்பினில் நடப்பது அரிது. ஈரக் காற்று மின்னேற்றத்தை மெல்லக் கசியவிடுகிறது. வறண்ட அறையில் கம்பளத்தின் மேல் நடந்தால் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் அது 1,500 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் மனிதத் தோல் பொறியை உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில நுண்சில்லுகளுக்கோ 100 வோல்ட்டுக்குக் குறைவானதே போதும். ஆகவே இங்கே சேதம் நடந்தால் கைக்குத் தெரியாமல் நடக்கும்.

சில்லு அன்றே சாக வேண்டும் என்பதும் இல்லை. உள்ளே ஓரிடம் நைந்துபோய், சில வாரம் கழித்துக் கணினி காரணமின்றி நின்றுபோகும். வாங்கிய பொருள் மட்டம் என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள்.

மூடியபடி இருக்கும் கைப்பேசிக்கு இந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். அதன் துளைகளுக்கு உள்ளேயே காப்பு உண்டு. ஆபத்து, மூடியைத் திறக்கும்போதுதான். மடிக்கணினிக்கு நினைவகம் மாற்றும் மாணவர்கள் குளிர்சாதன அறையில், கம்பளத்தின் மேல், பாலியஸ்டர் சட்டையோடு உட்காருகிறார்கள். குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைவிட, கூடத்து மர மேசையும் பருத்திச் சட்டையும் சிமெண்டுத் தரையும் மேல். ரப்பர் செருப்பைக் கழற்றிவிடுவது நல்லது. அது மின்னேற்றத்தைத் தரைக்கு இறங்கவிடாது. முதலில் மின்செருகியைப் பிடுங்கி, மின்கலத்தின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். பிறகு வண்ணம் பூசாத ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு, மின்சுற்றுப் பலகையை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். இடையில் எழுந்து நடந்தால் மறுபடி உலோகத்தைத் தொடுவது அவசியம். தூசி உறிஞ்சியின் பிளாஸ்டிக் முனையைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. காற்றோட்டமும் தூசியும் உரசி அந்த முனையிலும் மின்னேற்றம் சேரும்.

இடி மின்னல் வேறு கதை. மோடமும் தொலைக்காட்சியும் ஒரே மாலையில் கருகினால், காரணம் உடம்பின் மின்னேற்றமல்ல, கம்பி வழி வந்த மின்னெழுச்சி. உலகிலேயே இடி மிகுதியாக முழங்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் கறுக்கும்போதே மின்செருகியையும் ஏரியல் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கியபின் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

மீண்டும் நிலைமின்சாரத்துக்கு வருவோம். புதிய நினைவகமோ பலகையோ வரும் வெள்ளிநிறப் பை அதிலிருந்து காப்பதற்கே; அதைக் குப்பையில் வீசாதீர்கள். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகும்போது, சாதாரண நெகிழிப் பையை விட்டுவிட்டு, இந்த வெள்ளிநிறப் பைக்குள்ளேயே வையுங்கள்.