தரிசு என்று எழுதப்பட்ட வெளி

வெள்ளவத்தையில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் தலைக்கு மேலே ஒரு செம்பருந்து சுற்றும். கால்வாய் கடலில் விழும் இடத்தில் மீன் கழிவு கிடைக்கிறது. அதற்கு வேறென்ன வேண்டும்? கொட்டாஞ்சேனைக்காரரும் துறைமுகப் பக்கம் கைநீட்டி இதையேதான் காட்டுவார். கொழும்பில் பிராந்து என்றால் இதுதான்.

பூனைப்பருந்தின் சங்கதி வேறு. ஆண் சாம்பல் நிறம், பெண் தவிட்டு நிறம், வாலடியில் வெள்ளை. இறக்கையைச் சற்றே மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்நுனியை உரசுவதுபோலத் தாழ மிதந்து வரும். முகம் ஆந்தையுடையதைப்போல் வட்டம். புல்லுக்குள் எலி அசையும் சத்தத்தைக் காதால் பிடிக்க அது உதவுகிறது. கூடும் தரையில், இரவு உறக்கமும் தரையில். மரம் இல்லாவிட்டாலும் பிழைக்கும். புல் இல்லாவிட்டால் முடியாது. கசகஸ்தான், ரஷ்யச் சமவெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரி காலத்தில் இலங்கை வரை வரும்.

ஒரு காலத்தில் கொழும்பிலும் அப்படிப்பட்ட வெளிக்குப் பஞ்சமில்லை. கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பு இருக்கக்கூடாதென்று ஒல்லாந்தர் வெறுமையாக விட்ட நிலம்தான் காலிமுகத்திடல். பிறகு ஆங்கிலேயர் அதில் குதிரைப் பந்தயம் விட்டார்கள். 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. வெள்ளவத்தையும் மணல் தோட்டமாகத்தான் இருந்தது, பெயரிலேயே அது இருக்கிறது. 1868 முதல் 1877 வரை இங்கே பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி லெக், இலங்கைப் பறவைகள் பற்றிய தன் பெருநூலில் பூனைப்பருந்துகளையும் சேர்த்தார்.

இன்று திடலில் எஞ்சியது ஏறத்தாழ 5 ஹெக்டேர். அங்கே தாழப் பறக்கும் பிராந்து, நூல் கட்டிய பட்டம்தான். பக்கத்திலேயே கடலை நிரப்பித் துறைமுக நகரத்துக்கு 269 ஹெக்டேர் எடுத்தார்கள், அது கட்டடத்துக்கு. சதுப்புக்காவது ஆள் இருக்கிறது: பெல்லன்வில-அத்திடிய 1990இல் சரணாலயமானது, 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. புல்வெளிக்கு அப்படி யாரும் இல்லை. காணிக் கடதாசியில் அதன் பெயர் தரிசு. அந்தச் சொல்லை எழுதியவர் அதிகாலையில் ஒரு வெளியில் நின்று பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

மார்கழியில் மன்னாருக்குப் போகிறவர்கள் பாலத்துக்கு முன்னரே வங்காலைப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். வானத்தைப் பார்க்க வேண்டாம், புல்லின் மட்டத்தில் பாருங்கள்.