ஒரு கட்டடத்தின் கதை

(பத்தாம் வகுப்பு மாணவி)



சென்ற கோடை விடுமுறையில் மணலி புதுநகரில் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருந்த ஐம்பது ரூபாய் காணாமற்போயிற்று. தம்பிதான் எடுத்திருப்பான் என்று அம்மா பிரம்பைத் தூக்கினார். இரண்டு அடி விழுந்ததும், "நான்தான் எடுத்தேன்" என்று அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். அன்று மாலையே அந்த நோட்டு அப்பாவின் சட்டைப் பையில் கிடைத்தது!

"அடித்துக் கேட்டால் பயம்தான் பேசும், உண்மை பேசாது. என் தகப்பனார் சிங்கப்பூரில் கற்றுக்கொண்டு வந்த பாடம் இது" என்றார் தாத்தா. அது என்ன பாடம் என்று அவரிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

என் கொள்ளுத்தாத்தா சென்னையில் கப்பலேறிச் சென்று, சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு கட்டடத்தின் அருகில் மட்டும் அவர் நடக்கவே மாட்டாராம். சாலையைக் கடந்து எதிர்ப்புறமாகத் தலைகுனிந்து போய்விடுவாராம்.

அது சிறைச்சாலை அன்று, ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கட்டடம். இளைஞர்கள் கூடவும் படிக்கவும் விளையாடவும் 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நல்ல நோக்கத்துடன் எழுந்த அந்தக் கட்டடத்தின் தலைவிதி 1942 பிப்ரவரி 15ஆம் நாள் மாறியது. அன்று ஆங்கிலேயர் சரணடைந்தனர். சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. கெம்பெய்த்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீஸ் அக்கட்டடத்தைத் தன் கிழக்குப் பகுதித் தலைமையகமாக்கிக் கொண்டது.

கெம்பெய்த்தாய் 1881இல் தொடங்கப்பட்ட படை. போர்வீரர்களை ஒழுங்குபடுத்துவதே அதன் முதல் வேலை. ஆனால், பிடிபட்ட நாடுகளில் அது இரகசியப் போலீசாக மாறிற்று. ஒற்றர் சொன்ன ஒரு சொல் போதும், ஒருவரைப் பிடித்துச் செல்லலாம். குற்றம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞர் இல்லை, வீட்டாருக்குத் தகவலும் இல்லை. உள்ளிருந்து எழுந்த கதறல் சாலையில் போவோர் காதிலும் விழுந்தது. கொள்ளுத்தாத்தா ஏன் எதிர்ப்புறம் நடந்தார் என்று இப்போது புரிகிறதல்லவா?

1943 செப்டம்பர் மாத இறுதியில் ஓர் இரவு, சிங்கப்பூர் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியக் கப்பல்களில் வெடிகள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த நேச நாட்டு வீரர்களில் ஆறு பேர், மூன்று சிறு படகுகளில் துடுப்பு வலித்து வந்து செய்த வேலை அது. ஆனால் கெம்பெய்த்தாய், சாங்கி சிறையில் அடைபட்டிருந்த வெளிநாட்டவரும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த சதி என்று எண்ணியது. அக்டோபர் 10ஆம் நாள் முதல் 57 பேரைப் பிடித்தது. ஆணும் பெண்ணும் ஒரே அறையில் நெருக்கி அடைக்கப்பட்டனர். காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக் கூடாது. இரவெல்லாம் விளக்கு எரியும். சித்திரவதைக்கு ஆளாகி, நோயுற்று, 15 பேர் மாண்டனர். அந்த 57 பேரில் ஒருவருக்குக்கூடக் கப்பல் வெடிப்பில் பங்கில்லை என்பதே இதில் பெருங்கொடுமை!

அங்கே வாடியவர்களுள் எலிசபெத் சோய் என்ற ஆசிரியையும் ஒருவர். நம்மைப் போலவே கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றவர். மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்தி, சாங்கி கைதிகளுக்கு உணவும் பணமும் செய்தியும் அனுப்பி உதவினார். பிடிபட்ட கணவரைப் பற்றி விசாரிக்கப் போனவர், தாமும் சிக்கினார். ஏறத்தாழ 200 நாள் வதைபட்டார். போர் முடிந்த பிறகு, தம்மை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்று கேட்க அவர் மறுத்துவிட்டார். போரே மனிதரைக் கொடியவராக்கியது என்பது அவர் எண்ணம். பகைவரையும் மன்னிக்கச் சொன்ன நம் ஆண்டவரின் போதனை என் நினைவுக்கு வந்தது.

மலாயாவின் ஈப்போ நகரிலும் இதே கெம்பெய்த்தாயிடம் சிபில் கார்த்திகேசு என்ற கத்தோலிக்கத் தாதி சிக்கினார். இவருடைய கணவர் ஈழத் தமிழர் வழிவந்த மருத்துவர். காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததே இவர் செய்த குற்றம். கண்ணெதிரே தம் சிறு மகளை நெருப்பின்மேல் தொங்கவிட்டு மிரட்டியபோதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காயங்களாலேயே 1948இல் உயிர் நீத்தார்.

1946இல் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் கெம்பெய்த்தாயைச் சேர்ந்த 21 பேர் விசாரிக்கப்பட்டனர். எட்டுப் பேருக்கு மரண தண்டனை. ஏழு பேர் விடுதலை. மூடிய அறையில் அடித்தும் வராத உண்மை, திறந்த மன்றத்தில் அடியின்றியே வெளிவந்தது. கட்டடம் மீண்டும் சங்கத்திடம் வந்தது. 1981இல் அதை இடித்தனர். 1984இல் அதே இடத்தில் புதிய ஒய்.எம்.சி.ஏ. எழுந்தது. நடந்ததை மறவாதிருக்க அங்கே ஒரு நினைவுப் பலகையும் உண்டு.

தோழிகளே, கல்லும் சுண்ணாம்பும் குற்றம் செய்வதில்லை. கேள்வி கேட்பாரற்ற அதிகாரம் உள்ளே புகுந்தால் எந்த நல்ல வீடும் நரகமாகிவிடும். அதனால்தான் நம் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பது 20ஆம் பிரிவு. இவை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, நம் நெஞ்சிலும் இருக்க வேண்டும்.

நோட்டு கிடைத்த அன்று மாலை அம்மா தம்பியை மடியில் இருத்தி, "என்னை மன்னித்துவிடு கண்ணா" என்றார். மறுநாள் அந்தப் பிரம்பைத் தாத்தா வாங்கி, வாசலில் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது அதில் காய் பிடித்திருக்கிறது.