கொழுந்துக்கு வேண்டாம், பூசணிக்கு வேண்டும்

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீளும். அதன் பிற்பகுதியில், மார்ச், ஏப்ரலில், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் கூட்டங்கூட்டமாக அந்தத் திசையில் பறப்பதுண்டு. அவையும் சாமி கும்பிடத்தான் போகின்றன என்பது பழைய நம்பிக்கை. மலையைச் சூழ்ந்த காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டின் எல்லை முடிந்ததும் மஸ்கெலியாவின் தேயிலை மலைகள். அங்கே இந்தப் பூச்சிகளுக்கு என்ன மிஞ்சியிருக்கிறது?

பூச்சிகளை நம்பாமலே விளைச்சல் தரும் பயிர் தேயிலை. நாம் எடுப்பது கொழுந்து. பறிப்பும் கவ்வாத்தும் ஓயாமல் நடப்பதால் செடி பூப்பதே குறைவு. அதனால் தோட்டக் கணக்கில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இடம் இருந்ததில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியின் கணக்கு வேறு. பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பிசுபிசுப்பான அதன் மகரந்தத்தைக் காற்று சுமக்காது. தேனீ போன்ற பூச்சிகள்தான் கொண்டுசேர்க்க வேண்டும். சேராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். வண்ணத்துப்பூச்சி தேனீ அளவுக்கு மகரந்தம் சுமப்பதில்லை. என்றாலும் இரண்டும் பிழைக்க மருந்து படாத, பூச்செடி நிற்கும் ஓரம் வேண்டும். அந்த ஓரம் கெடும்போது முதலில் நம் கண்ணுக்குத் தெரிவது வண்ணத்துப்பூச்சியின் குறைவுதான்.

பூ மட்டும் நட்டால் போதாது. தாய்ப்பூச்சி காலால் இலையைச் சுவைத்துப் பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடியில்தான் முட்டையிடும். இலங்கைக்கே உரிய தேசிய வண்ணத்துப்பூச்சியின் புழு ஈசுரமூலிக் குடும்பத்துச் செடிகளையே தின்னும். மஞ்சள் கூட்டத்தில் பறப்பவற்றுக்குக் கொன்றை, தகரை இலைகள். வாசலில் நிற்கும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி இனம் ஒன்றை வளர்க்கின்றன. பறவை எச்சம்போல் இலையில் ஒட்டியிருக்கும் சிறு புழு பிறகு பச்சையாகிக் கூட்டுப்புழுவாகும். நாலு இலை போனால் மரம் சாகாது. புழுவை நசுக்காமல் விடுவதே முதல் உதவி.

அடுத்தது ஓடைக்கரை. அங்குள்ள புதரையும் காட்டுப்பூவையும் முற்றாக வழிக்காமல் ஒரு பட்டையாக விட்டால், காட்டிலிருந்து வரும் பூச்சிக்கு அது பாதையாகும். ஈரமண்ணில் ஆண் பூச்சிகள் கூடி உப்புச்சத்து உறிஞ்சுவதும் அங்கேதான். பாடசாலைத் தோட்டத்தில் புழுவுக்கான செடியும் பூவும் சேர்த்து நட்டு, மாணவர்கள் மாதந்தோறும் எண்ணிக் குறித்துவந்தால், சில ஆண்டுகளில் ஊருக்கே சொந்தமான பதிவேடு கிடைக்கும்.

பூச்சிக்கு இடம் விட்டால் குளவியும் வருமே என்ற பயம் நியாயமானது. மலையில் கொட்டு வாங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அப்படிக் கொட்டுவதில் மலைத்தேனீயும் அடங்கும். வேலைத்தலத்துக்கு அருகிலுள்ள கூடுகளைக் கவனித்து ஆட்களைப் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை. வண்ணத்துப்பூச்சிக்கு ஓரம் விடுவதால் அந்தக் கடமை குறையாது.

லயத்து மக்கள் தாமே தீர்மானிக்க முடியாதது களைநாசினி. சிறுநீரக நோய் அச்சத்தால் கிளைபோசேட் என்ற களைநாசினிக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்குக் கிடைத்தது. மருந்து எங்கே அடிப்பது என்று முடிவெடுப்பவர் ஒருவர், முதுகில் தாங்கியைச் சுமந்து அடிப்பவர் இன்னொருவர். ஓடைக்கரையிலும் லயத்து ஓரத்திலும் மருந்து அடிக்கக் கூடாது என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சோடு சேர்த்தே வைக்க வேண்டும். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.