சவுக்குக்கு எந்த மெசின்?

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் என் பட்டறை. படகு எஞ்சின் திருத்துவதுதான் தொழில். வாடை தொடங்குமுன் மட்டும் மரம் அரியிற மெசின்கள் வந்து குவியும். வேலியோரச் சவுக்கு, முற்றத்துத் தூஜா, கூரையைத் தாண்டிய அரக்கேரியா என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு வழக்கு. கேள்வி ஒன்றுதான்: “அண்ணை, எத்தனை குதிரைவலு வேணும்?”

குதிரைவலு கிடக்கட்டும், கிளையைப் பிடித்துப் பாருங்கள். விரல் தடிப்பு என்றால் ஹெட்ஜ் ட்ரிம்மர். அதன் பற்களுக்கிடையே நுழையாத கிளையை அது அரியாது, கடித்துக்கொண்டு நின்றுவிடும். வருசக்கணக்காகக் கைவிட்ட வேலிக்கு அதை மட்டும் வாங்குகிறவர்களால்தான் எனக்குப் பாதி வருமானம். மணிக்கட்டுப் பருமனுக்கு, நீளத் தடியில் பூட்டிய சின்னச் செயின்சோ நல்லது. நிலத்தில் நின்றபடியே உயரக் கிளையை அறுக்கலாம். ஏணியில் ஏறிச் செயின்சோ பிடிக்கவே வேண்டாம். சங்கிலி ஓடும் பட்டையின் மூக்கில் மேற்பக்கம் கிளையில் முட்டினால், கண் இமைக்குமுன் மெசின் முகத்துக்கு எறியும்.

சவுக்கு ஊசியிலை மரம்போல் தெரிந்தாலும் பூக்கும் இனம். கட்டை வைரம். காய்ந்தால் சங்கிலியின் கூர் போய்விடும், பச்சையிலேயே அறுங்கள். தூஜாவை இலையில்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. அரக்கேரியாவின் நுனியில் கைவைத்தால் அதன் வடிவமே கெட்டுவிடும்.

ஒரு வீட்டு வளவுக்குப் பற்றரி மெசின் போதும். கரண்டில் ஓடுவது மலிவு. ஆனால் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் வேண்டாம், தன் வயரையே அறுத்தவர்கள் உண்டு. பெற்றோல் மெசின் தடித்த அடிமரத்துக்குத்தான். இங்கே பலர் படகு எஞ்சினுக்கு ஒயில் கலந்த பெற்றோலின் மிச்சத்தை அதற்கு ஊற்றுகிறார்கள். படகு எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கிறது, செயின்சோவைக் காற்று. சூடு வேறு, ஒயிலும் வேறு. பிஸ்டன் இறுகிவிடும். புதிய மெசின்கள் பலவற்றுக்கு, அதற்குரிய ஒயிலில் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கணக்கு. இன்னொன்று, செயின்சோக்களைப் பொலிசில் பதியும்படி 2019இல் அரசு அறிவித்தது. பழைய மெசின் வாங்குமுன் பதிவுத் துண்டைக் கேளுங்கள்.

புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. இப்படிப் புயல் வரும் வாடை மாதங்களில் மரத்தில் கைவைக்க நேரமிராது, செப்டெம்பருக்குள் முடித்துவிடுங்கள். கரண்ட் கம்பியை முட்டும் கிளைக்கு மட்டும் எந்த மெசினும் வாங்காதீர்கள். மின்சார விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.