பக்கவாதத்துக்குப் பின் மூளை எதைக் கற்கிறது?

மடிந்த அணுக்களும் தப்பிய அணுக்களும்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பக்கவாதம் ஏற்படுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிடப்பட்டுள்ளது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். மடிந்த அணுக்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. அப்படியிருந்தும், முதல் வாரத்தில் விரலைக்கூட அசைக்க முடியாமல் படுத்திருந்தவர்களில் பலர் சில மாதங்களில் எழுந்து நடக்கிறார்கள். பேச்சிழந்தவர்களில் பலர் சொற்களைத் திரும்பப் பெறுகிறார்கள்.

இந்த மீட்சியின் முதற்பகுதி நோயாளியின் முயற்சி அதிகம் தேவைப்படாமலேயே நிகழ்வது. அழிந்த பகுதியைச் சுற்றி, உயிர் போகாமலும் வேலை செய்யாமலும் கிடக்கும் விளிம்புத் திசுவுக்கு இரத்தம் மீண்டும் எட்டும்போது அது செயல்படத் தொடங்குகிறது. மூளையின் வீக்கம் வடிகிறது. அடிபட்ட இடத்திலிருந்து தொலைவில் இருந்தும், அதனோடு நரம்புத் தொடர்பு கொண்டிருந்த காரணத்தால் செயலற்றுப் போன பகுதிகளும் மெல்ல விழிக்கின்றன. இந்தத் தொலைதூர முடக்கத்தை ஜூரிச்சில் பணியாற்றிய மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் மோனக்கோவ் 1914-ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். மீட்சியின் இரண்டாம் பகுதி வேறு வகையானது. அது கற்றல், அதற்குப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி பெற்ற குரங்குகளும் பெறாதவையும்

வளர்ந்தவரின் மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, இனி மாறாதவை என்று ஸ்பெயின் நாட்டு அறிஞர் சான்டியாகோ ரமோன் இ கஹால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அவருடைய பெருமையாலேயே அந்தக் கருத்து நெடுங்காலம் கேள்விக்கு உட்படாமல் இருந்தது. அதை அசைத்த ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்க நரம்பறிவியலாளர் ராண்டால்ஃப் நூடோவும் உடன் பணியாற்றியவர்களும் அணில் குரங்குகளைக் கொண்டு நடத்தி 1996-இல் வெளியிட்டது. மூளையின் வெளி அடுக்கான புறணியில், கையை இயக்கும் பகுதியில் சிறிய அளவுக்கு மட்டும் இரத்த ஓட்டத்தைத் தடுத்து அவர்கள் ஒரு சிறு பக்கவாதத்தை உண்டாக்கினார்கள். பயிற்சி தராமல் விடப்பட்ட குரங்குகளில் இழப்பு அந்த இடத்தோடு நிற்பதில்லை என்பதும், அருகில் பழுதில்லாமல் இருந்த புறணியும் கைக்கான வேலையைக் கைவிட்டுவிடுகிறது என்பதும் முன்பே தெரிந்திருந்தது. இம்முறை குரங்குகளின் நல்ல கைக்கு உறையிட்டுத் தடுத்து, பலகையில் உள்ள வெவ்வேறு அளவுக் குழிகளிலிருந்து சிறு உணவு உருண்டைகளைப் பழுதுபட்ட கையின் விரல்களாலேயே நாள்தோறும் எடுக்கப் பழக்கினார்கள். இவற்றில் கைக்குரிய பகுதி சுருங்கவில்லை. சிலவற்றில், முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாக இருந்த இடத்திலும் அது பரவியிருந்தது.

நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுவது, தப்பிய அணுக்கள் புதிய கிளைகளை நீட்டுவது, பயன்படாமல் இருந்த மாற்றுப் பாதைகள் வேலைக்கு வருவது ஆகிய அனைத்தையும் சேர்த்தே மூளையின் நெகிழ்தகைமை என்கிறார்கள். இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நம்பிக்கை தரும் பக்கத்தையே சொல்கிறார்கள். ஆனால் மூளை தனக்குத் தரப்படும் வேலைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறதே அன்றி, நல்லதை மட்டும் தேர்ந்து கற்பதில்லை. பயிற்சி இல்லாத குரங்குகளில் கைக்கான இடம் சுருங்கியதும் அதே நெகிழ்தகைமையின் விளைவுதான்.

கைவிடுவதையும் மூளை கற்கும்

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை மட்டும் துண்டித்தபோது, அசைவுக்கான நரம்புகள் முழுமையாக இருந்தும் குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. தொடக்கத்தில் கையை நீட்ட முயன்ற ஒவ்வொரு முறையும் தோல்வியே கிடைத்ததாலும், நல்ல கையால் வேலை எளிதாக முடிந்ததாலும், அந்தக் கை இல்லை என்பதுபோல நடந்துகொள்ள அவை கற்றுவிட்டன என்பது டாப்பின் விளக்கம். நல்ல கையைச் சில நாள் கட்டிவைத்தபோது, கைவிட்ட கை மீண்டும் வேலைக்கு வந்தது.

இதிலிருந்து பிறந்ததே நல்ல கையைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி. அமெரிக்காவில் 222 பேரைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை அணிந்து இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி பெற்றார்கள். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிட அவர்களுடைய கை நன்றாகத் தேறியது, அந்தப் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நீட்ட முடிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும் என்பதால், சிகிச்சையாளரின் மதிப்பீடு இல்லாமல் வீட்டில் தாமாகவே நல்ல கையைக் கட்டிவிடுவது முறையன்று.

நம் வீடுகளில் நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாசத்தால் சோற்றை ஊட்டிவிடுகிறோம், சட்டைப் பித்தானை நாமே போட்டுவிடுகிறோம், தண்ணீர்த் தம்ளரை நல்ல கையில் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் அன்பின் செயல்தான் என்றாலும், ஒவ்வொன்றிலும் பழுதுபட்ட கை ஒரு வாய்ப்பை இழக்கிறது. மேசைமேல் உள்ள தம்ளரை எடுக்க முயலும் நோயாளியைக் கூர்ந்து கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: முழங்கையை நீட்டுவதற்குப் பதிலாக உடம்பையே முன்னே சாய்த்து, தோளைக் காதுவரை உயர்த்தி, மடங்கிய விரல்களோடு தம்ளரை எட்டுகிறார். வேலை முடிந்துவிட்டாலும் மூளை பழகிக்கொள்வது இந்தக் குறுக்குவழியைத்தான். ஆகவேதான் நல்ல இயன்முறைச் சிகிச்சையாளர் முதுகை நாற்காலியோடு சாய்த்து உட்காரவைத்து, தம்ளரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக நகர்த்தி, பிறகு அதில் தண்ணீர் ஊற்றி, வேலையைப் படிப்படியாகக் கடினமாக்குகிறார்.

எப்போது, எவ்வளவு

முதல் மூன்று மாதங்களில் மூளை மாறுவதற்கு மிக ஆயத்தமாக இருப்பதால் அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது. ஆனால் அவசரமும் ஆபத்தாகலாம். ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி அடிக்கடி நடமாட வைக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேரே நல்ல நிலையை அடைந்தார்கள். வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் அது 50 சதவீதம்.

அளவைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. குரங்குகள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டிப் பழகின. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அமர்வுகளை நேரில் பார்த்து எண்ணி 2009-இல் வெளியான ஆய்வில், கையால் ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறையே நடந்திருந்தது. இந்த இடைவெளிதான் மறுவாழ்வுச் சிகிச்சையின் பெருங்குறை. ஆறு மாதம் ஆகிவிட்டது, இனிப் பலனில்லை என்று கைவிடுவதும் சரியன்று: இலண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரக் கைப்பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது, அவர்களும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள்.

கையையும் காலையும் தாண்டி

பேச்சிழப்பிலும் இதே விதிதான். பேச்சின் மீட்சி கைகால்களின் மீட்சியைவிட நீண்ட காலம் தொடரலாம் என்பதால், நோயாளி சொல்லைத் தேடும்போது குடும்பத்தினர் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவைக்காமல் காத்திருப்பது நல்லது. விழுங்கும் திறன் சோதிக்கப்படும் முன் வாய்வழி எதையும் தரக் கூடாது. தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவி, தீராத வலி வந்து, பயிற்சியே தடைபடக்கூடும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இதைச் சோம்பல் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் சோர்ந்த மனம் பயிற்சிக்கு எழாது.

குடும்பத்தின் தோளில் மட்டும்

சிகிச்சையாளர்கள் குறைவான நாட்டில் குடும்பத்தாரையே பயிற்றுவித்து அனுப்பினால் போதுமே என்ற எண்ணம் இயல்பானது. இதைச் சோதிக்க இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பயிற்சி பெற்ற குடும்பத்தாரின் கவனிப்பில் இருந்தவர்களிலும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிலும், ஆறு மாத முடிவில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். வீட்டாரின் உழைப்பு வீண் என்பது இதன் பொருளன்று. பயிற்சியின் அளவையும் கடினத்தையும் வாரந்தோறும் திருத்தித் தரும் சிகிச்சையாளரின் இடத்தை வீட்டாரின் பாசம் நிரப்ப முடியாது என்பதே பொருள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சீட்டில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்ற ஒற்றை வரியோடு திருப்தி அடையாமல், எந்த அசைவை நாளுக்கு எத்தனை முறை செய்ய வேண்டும், எந்தக் குறுக்குவழியைத் தடுக்க வேண்டும், எப்போது அடுத்த படிக்குப் போக வேண்டும், அதை யார் வந்து பார்த்துச் சொல்வார் என்ற நான்கையும் வீட்டார் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.