பராமரிப்போரின் மனநலத்தை அளப்பது எப்படி?



மருத்துவமனையில் அளக்கப்படாதது எதுவுமில்லை. காய்ச்சல், இரத்த அழுத்தம், சர்க்கரை, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ் என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் இவற்றை அளந்து எழுதும் நர்ஸின் மனநிலையைக் கணக்கெடுப்பது மிகவும் பிந்தியே தொடங்கியது. சோர்ந்துபோன ஒருவர் மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

இதற்குக் கருவி, கேள்விகள் அச்சிட்ட ஒரு தாள்தான். அமெரிக்காவில் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்பவர்கள் 1981-ல் வெளியிட்ட தாளில் 22 வாக்கியங்கள் உண்டு. அவை மூன்று காரியங்களை அளக்கின்றன: மனம் வற்றிப்போதல், நோயாளியை மனிதராகப் பார்க்காமற்போதல், செய்த வேலையில் நிறைவின்மை. இரண்டாவதை எந்த வார்டிலும் நாம் காதால் கேட்கலாம். நேற்றுவரை ‘பாட்டி’யாக இருந்தவர் இன்று ‘பன்னிரண்டாம் கட்டில்’ ஆகிவிடுவார். இப்படிப்பட்ட பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலில் விவரித்தபோது, அதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தைச் சார்ந்த நிலை என்றே குறித்தது.

அந்நிறுவனத்தின் பெயரால் வழங்கும் இன்னொரு தாளில் ஐந்தே வாக்கியங்கள். கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தீர்களா, மனம் அமைதியாக இருந்ததா என்ற விதமாக அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். ஐம்பதும் அதற்குக் கீழும் என்றால் மேலும் விசாரிக்க வேண்டும். அதில் ஒரு வாக்கியம், காலையில் புத்துணர்வோடு விழித்தீர்களா என்பது. வாரம் முழுவதும் இரவுப் பணி பார்த்தவர் இதற்கு என்ன எழுதுவார்? பணி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

குறைந்த எண்ணைவிட நல்ல எண்ணே அதிகம் ஏமாற்றும். இங்கிலாந்தின் மனநல மருத்துவர் டேவிட் கோல்ட்பர்க் 1972-ல் வெளியிட்ட வினாத்தாளின் 12 கேள்விச் சுருக்கம் பல நாடுகளில் பயன்படுகிறது. அது, உங்கள் தூக்கமும் கவனமும் வழக்கத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று கேட்கிறது. ‘வழக்கம்போல்தான்’ என்று குறித்தால், அதன் ஒரு மதிப்பீட்டு முறையில், பூஜ்யம். அதாவது குறை இல்லை. ஐந்து வருடமாகத் தூக்கம் கெட்டவருக்கு அதுதானே வழக்கம்! அதிகமாக நொந்தவர் ஆரோக்கியமானவராகத் தாளில் கடந்துபோவார்.

நம்மிடையே இன்னொரு தடையும் உண்டு. சம்பள வேலையையும் தேவபணியையும் ‘ஊழியம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனால் ‘என்னால் முடியவில்லை’ என்று குறிப்பது விசுவாசக்குறைவு போலத் தோன்றுகிறது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டுமென்று கேட்ட எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார்.

பயம்தான் இந்த அளவையைக் கெடுக்கும் பெரிய காரணம். தாளில் பெயர் கேட்காவிட்டாலும், நான்கு நர்ஸுகள் உள்ள பிரிவில் வயதையும் பணி வருடங்களையும் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். சிறிய பிரிவுகளைச் சேர்த்தே முடிவைச் சொல்ல வேண்டும். பதவி உயர்வைத் தீர்மானிப்பவர் கையில் தனித்தாள்கள் போகவே கூடாது.

ஆனால் பெயரில்லாத தாளிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்வித் தாளில், கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கிறது. ஒருவர் ‘ஆம்’ என்று எழுதினால், அவர் யாரென்று தெரியாமல் எப்படி உதவுவது? உதவிக்கு ஏற்பாடு செய்யாமல் அக்கேள்வியைக் கேட்பது சரியல்ல என்பதே எம் எண்ணம். குறைந்தபட்சம், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவித் தொலைபேசி எண் 14416 ஒவ்வொரு தாளிலும் அச்சிடப்பட வேண்டும். அதில் தமிழிலும் பேசலாம்.

பணியாளரை இப்படிப் பரிசோதிப்பதால் வரும் நன்மை தீமையைவிட மிகுதியா என்று தெளிவாகவில்லை என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ பரிந்துரைக்கவில்லை. தாளை நிரப்புவதால் மட்டும் யாரும் தேறுவதில்லை. தொடர் இரவுப் பணி குறைய வேண்டும். ஒருவர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். கேட்ட விடுப்பு கிடைக்க வேண்டும். விடுப்பில் போகிறவருக்குப் பதிலாள் வேண்டுமல்லவா? அந்தச் சம்பளத்துக்குத்தான் நன்கொடை கேட்பது கடினம். கட்டிடத்துக்குக் கல்வெட்டு உண்டு, பதிலாளுக்கு இல்லை. நீங்கள் தாங்கும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், புது வார்டைப் பார்த்தபின், பதிலாள் நர்ஸுகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.